மாணவர் ஏடும் மலைநாட்டுக் கருத்துரையும்

மலைநாட்டுப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றில் தமிழ் இலக்கிய மன்றம் என ஒன்று உண்டு. மன்றம் உள்ள இடத்தில் கையெழுத்துப் பத்திரிகை ஒன்றும் இருப்பது வழக்கம். நீளக் கொப்பியின் தாள்களைப் பிரித்தெடுத்து, ஓரத்தில் வர்ணப் பென்சிலாற் கொடி வரைந்து, எழுத்தழகு வாய்ந்த மாணவியர் இருவர் மூவர் பிரதி பண்ணி, மேலுறையில் கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணொருத்தியின் படத்தையும் தீட்டி, நூல் கோத்துக் கட்டிவிட்டால் ஏடு ஆயத்தமாகிவிடும். உள்ளே பொன்மொழிகள் இருக்கும், விடுகதைகள் இருக்கும், தாயின் பெருமை, நேரத்தின் அருமை, நான் விரும்பும் பெரியார் என்றவாறான கட்டுரைகள் இருக்கும். இவற்றுக்கிடையே எப்பொழுதாவது ஒரு பக்கத்தில், ‘இது சரியன்று, இதனை இவ்வாறு செய்யலாமே’ என்று ஒரு மாணவன் எழுதியிருப்பான். கருத்துரை என்று நாம் அழைப்பது இதனையே. அந்த ஒரு பக்கத்தின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள். அது சிறிய பக்கமேயாயினும் அதற்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுக் கதை ஒன்று கிடக்கிறது.

யாழ்ப்பாணத்தில் 1841 ஆம் ஆண்டிலேயே ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகை வெளிவரத் தொடங்கிவிட்டது. அமெரிக்க மிஷனாரின் கல்வி நிலையத்திற் பயின்ற தமிழரே அதன் ஆசிரியராக இருந்தனர். கற்றவர்கள் அதிற் கடிதம் எழுதினார்கள். சமயம் பற்றியும் கல்வி பற்றியும் வாதிட்டார்கள். அதே காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த எம் முன்னோர், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து கோப்பித் தோட்டங்களை அடைந்துகொண்டிருந்தனர். ஒரே தீவில், ஒரே மொழி பேசிய இரு கூட்டத்தார். ஒரு சாரார் அச்சுக் கோத்துக்கொண்டிருந்த வேளையில் மறுசாரார் வழியிற் கொள்ளைநோயால் விழுந்துகொண்டிருந்தனர். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டாலன்றி மலைநாட்டில் எழுத்து ஏன் தாமதித்தது என்பது விளங்காது.

எழுத்துத் தாமதித்தது என்றேன். அச்சிட்ட தமிழ் அங்கே அறவே இல்லாமற் போகவில்லை. இருந்த தமிழ் எத்தகையது என்பதைத்தான் நோக்க வேண்டும். புதிதாக வரும் வெள்ளைக்காரச் சின்னத்துரைமாருக்கு வேலையாட்களின் மொழியைக் கற்பிப்பதற்காக எழுந்த கைந்நூல்கள் சில உண்டு. ஒன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். 1915 ஆம் ஆண்டில் வெல்ஸ் என்பார் வெளியிட்ட மற்றொன்றுக்குக் ‘கூலித் தமிழ்’ என்று பெயர். மு. நித்தியானந்தன் அவர்கள் 2014 இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலுக்கு இப்பெயரையே சூட்டி, இவ்வரலாற்றை விரிவாகக் காட்டியுள்ளார். துரை பேசக் கற்ற தமிழ் பெரும்பாலும் ஏவல் வினைமுற்றால் ஆகியது. வா, போ, எடு, வெட்டு, நிறுத்து என்று பேசவே அவருக்குத் தேவை இருந்தது. மலைநாடு பற்றிய முதல் தமிழ்ச் செய்யுள் நூலென்று சொல்லத்தக்க ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869 இல் ஆபிரகாம் யோசேப்பு என்பவராற் செய்யப்பட்டது. அதுவும் பயிர்செய்கையின் முறைமையையும் துரைமாரின் பெருமையையும் சொல்வதே. கொழுந்து கிள்ளும் பெண் என்ன நினைத்தாள் என்று கேட்பாரைக் காணோம்.

அவள் நினைத்ததைப் பாட்டிற் சொன்னாள். கங்காணியை எள்ளி, கணக்கப்பிள்ளையின் கள்ளக் கணக்கைச் சுட்டி, கடல் கடந்து வந்த விதியை நொந்து பாடிய பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தேடித் திரட்டி, 1983 இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலாக்கித் தந்தார். அப்பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. நாட்டார் பாடல் எங்கும் அப்படித்தானே என்று கூறலாம். உண்மைதான். ஆயினும் தோட்டத்தில் பெயரில்லாமைக்கு மற்றுமொரு பயன் இருந்தது என்பது என் எண்ணம். பாடியவள் யார் என்று கங்காணி கேட்டால், எல்லோரும் பாடியதுதான் என்று சொல்லிவிடலாம் அல்லவா?

1920 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கல்விச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. சட்டம் இருந்தது. பல இடங்களிற் பாடசாலை என்பது ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் மட்டுமே. பத்து வயது நிரம்பியதும் பிள்ளை கொழுந்து மலைக்குப் போய்விடும். எனினும் இந்த ஓரறைப் பள்ளிகள், லயத்துக்கு ஒருவர் இருவர் என்னும் கணக்கிலாவது, எழுதப் படிக்கத் தெரிந்தவரை உண்டாக்கின. தோட்டத்தின் வரலாற்றில் அந்த ஒருவர் செய்த பணி பெரிது. ஊருக்குக் கடிதம் எழுதியவர் அவர். மணியோடர்ப் பத்திரம் நிரப்பியவர் அவர். பின்னாளிற் பத்திரிகையை உரக்கப் படித்து மற்றவர்களைக் கேட்கச் செய்தவரும் அவரே.

பத்திரிகை என்றதும் கோதண்டராம நடேசய்யரைக் குறிப்பிடாமற் செல்ல இயலாது. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்தவர். வெளியார் தோட்டத்துள் நுழைவது அத்துமீறல் எனத் தண்டிக்கப்பட்ட காலத்தில், புடைவை வியாபாரிபோல் வேடம் பூண்டு தோட்டங்களுக்குட் சென்று நிலைமையைக் கண்டறிந்தார் என்பர். 1921 இல் ‘தேசநேசன்’ பத்திரிகையிலும் 1924 முதல் ‘தேசபக்தன்’ பத்திரிகையிலும் அவர் எழுதியவை தோட்டத் தொழிலாளர் குறைகளை முதன்முறையாக அச்சில் ஏற்றின. அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையும் எழுத்தாலும் பாட்டாலும் அப்பணியிற் பங்கு கொண்டார். 1931 இல் அவர் அமைத்த தொழிற்சங்கம் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டியங்கியது. 1936 இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி 1947 வரை உறுப்பினராக இருந்தார்.

அக்காலத்தில் ஒரு தொழிலாளி பத்திரிகைக்கு எழுதுவது எளிதன்று. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவதற்குக் கடன் தொகை குறித்த ‘துண்டு’ வேண்டும் என்ற முறை 1921 இலேதான் சட்டத்தால் ஒழிந்தது. துண்டு ஒழிந்த பின்னும் பற்றுச்சீட்டுக் கொடுத்து வெளியேற்றும் அதிகாரம் துரையிடமே இருந்தது. வேலை போனால் வீடும் போகும். ஏனெனில் லயத்துக் காம்பரா தோட்டத்தின் சொத்து. குறை சொல்லத் துணிந்தவன் தன் பெயரை மறைத்தமைக்கு அச்சமே காரணம் என்று எளிதிற் கூறிவிட்டுப் போகலாம். மனைவி மக்களோடு தெருவில் நிற்க நேரும் என்பதை அறிந்தவனின் நிதானம் அது என்று கூறுவதே பொருத்தம்.

துரை வகுப்பிற் பிறந்தவனுக்குக்கூடக் கருத்துச் சொல்லும் உரிமை எவ்வளவு இருந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1936 இல் பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தொழில் பழக வந்து, மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் அமர்ந்தார். தொழிலாளர் பக்கம் பேசத் தலைப்பட்டதால் வேலை இழந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த பெருங்கூட்டத்தில் மேடையேறித் துரைமாரின் நடத்தையைக் கண்டித்தார். ஆள்பதி அவரை நாட்டை விட்டு வெளியேறும்படி கட்டளையிட்டார். அவரோ ஒளிந்துகொண்டார். ஈற்றில் வழக்கு உயர் நீதிமன்றம் சென்று, கட்டளை செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. வெள்ளைத் தோலும் ஆங்கில மொழியும் உடைய ஒருவர் வாய் திறந்ததற்கே இத்துணை ஆரவாரம் எனின், வட்டகொடைப் பக்கத்து லயத்துச் சிறுவன் ஒருவன் எழுதுகோல் எடுப்பதைப் பற்றி என்ன சொல்வது? ஆனால் அத்தகைய சிறுவனும் எழுதுகோல் எடுத்தான். வட்டகொடை மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914 இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையே அவர். ஆங்கிலத்திலும் தமிழிலும் மலைநாட்டு வாழ்வை எழுதிய அவர், 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றமும் புகுந்தார்.

அத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் வெற்றி பெற்றனர். மறு ஆண்டே 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், அதனையடுத்து 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தமும் வந்து, தோட்டமக்களிற் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952 இற் கொழும்பில் நடைபெற்ற சத்தியாக்கிரகம் உலகறிந்தது. வாக்கு இழந்த சமூகம் தன் கருத்தை எங்கே பதிவது? பாராளுமன்றத்தில் தங்களாற் தெரிவு செய்யப்பட்டவர் இல்லை. தொழிற்சங்கம் இருந்தது, அது சம்பளத்தையும் வேலைநீக்கத்தையும் பற்றிப் பேசும், இருபது வயது இளைஞனின் மனக்குமுறலுக்கு அங்கே இடம் குறைவு. எஞ்சியது பத்திரிகையின் பத்தியும் பள்ளிக்கூடத்தின் ஏடுமே.

இவ்விடத்தில் அட்டன் நகரை, குறிப்பாக ஹைலன்ஸ் கல்லூரியை, நினைவுகூர்தல் தகும். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் கற்று வந்து அங்கே ஆசிரியராகவும் பின் அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கம் அவர்களும், அவரோடு அங்கே கற்பித்த எஸ். திருச்செந்தூரன் அவர்களும் 1960 களில் ஒரு தலைமுறையையே எழுதத் தூண்டினர். சிவலிங்கம் அவர்கள் நிறுவிய மலைநாட்டு நல்வாழ்வு வாலிபர் சங்கம், படித்த இளைஞர்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் ஒன்று சேர்த்தது. அந்த இளைஞர்களுக்கு இருந்த புதுமை ஒன்று உண்டு. அவர்களின் தந்தையர் துரைக்கு எழுதியது மனு. மனுவின் மொழி ‘தயவுகூர்ந்து’ என்று தொடங்கித் ‘தாழ்மையுள்ள’ என்று முடியும். பிள்ளைகள் எழுதத் தொடங்கியதோ மனு அன்று, கருத்து. அதற்குக் கெஞ்சும் சொல் வேண்டியதில்லை, காரணம் வேண்டும். ‘எமக்குத் தண்ணீர்க் குழாய் தந்தருள்க’ என்பதற்கும், ‘ஐம்பது குடும்பத்துக்கு ஒரு குழாய் போதாது, ஏனெனில்’ என்பதற்கும் உள்ள தூரத்தைத் தந்தை ஓர் ஆயுளிற் கடக்கவில்லை, மகன் பள்ளிக்கூடத்து ஏட்டிற் கடந்தான்.

அக்காலத்து எழுத்தைப் பார்க்கும்போது எனக்குப் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். இதனை மறுப்போரும் இருக்கலாம். மலைநாட்டின் கருத்துரைகளிற் பெரும்பகுதி கட்டுரையாக வரவில்லை, சிறுகதையாக வந்தது. திருச்செந்தூரனின் ‘உரிமை எங்கே?’ என்னும் கதை ‘கல்கி’ நடத்திய போட்டியிற் பரிசு பெற்றது. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1961 இல் ‘தினகரன்’ பத்திரிகையில் வெளிவந்தது. ‘வீரகேசரி’யில் எஸ். எம். கார்மேகம் அவர்களின் முயற்சியால் மலைநாட்டு எழுத்தாளருக்கென்றே சிறுகதைப் போட்டிகள் நடத்தப்பட்டு, பரிசுக் கதைகள் 1971 இற் ‘கதைக்கனிகள்’ என்னும் தொகுதியாயின. கதையின் தலைப்பே ‘உரிமை எங்கே’ என்று இருப்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அது கட்டுரைக்குரிய வினா அல்லவா? ஆனால் கதைக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. கேட்டால், இது கற்பனை என்று சொல்லிக்கொள்ளலாம். கட்டுரைக்கு அந்தக் குடை இல்லை. எழுதியவன் பெயரோடு வெயிலில் நிற்க வேண்டும். நம் சிறுகதை வளர்ந்த அளவுக்கு நம் கட்டுரை வளராதமைக்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

1964 அக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என வகுத்தது. ஒரே வாங்கில் இருந்து கற்ற பிள்ளைகளில் ஒருவன் தலைமன்னார்க் கப்பலுக்குப் போனான், மற்றவன் நின்றான். எழுதத் தொடங்கியவர்கள் பலரும் அக்கப்பலிற் போயினர். சிவலிங்கம் அவர்களுமே பின்னர் தமிழ்நாடு சென்று, தாயகம் திரும்பியோரின் நலத்துக்காக உழைத்தார். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை முற்றாக நீங்குவதற்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இதற்கிடையில், தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையானதைத் தொடர்ந்து, 1977 முதல் தோட்டப் பாடசாலைகளும் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. நல்ல மாற்றம், ஐயமில்லை. ஆனால் மாணவர் ஏட்டைப் பொறுத்தவரை இதனால் ஒரு விந்தை நேர்ந்தது. முன்பு குறை சொல்லப்படுபவர் துரை; ஏட்டை நடத்துபவர் ஆசிரியர். இருவரும் வேறு வேறு ஆட்கள். இப்பொழுது பாடசாலையைப் பற்றி மாணவன் குறை எழுதினால், அது ஏட்டை நடத்தும் நம் மேலேயே வந்து விழும். நாமோ அரச ஊழியர். மேலதிகாரிகளும் சுற்றுநிருபங்களும் நம் மேசைமேல் உண்டு.

இதனை நான் புத்தகத்திற் படித்துச் சொல்லவில்லை. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், தோட்டமொன்றை அடுத்த பாடசாலையில் நான் ஆசிரியனாய் இருந்து மன்றத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பொறுப்பாய் இருந்தேன். பதினோராந் தரத்து மாணவி ஒருத்தி கட்டுரை ஒன்று கொண்டுவந்து தந்தாள். லயத்தைப் பற்றியோ துரையைப் பற்றியோ எழுதியிருந்தால் மகிழ்ந்து முதற்பக்கத்திற் போட்டிருப்பேன். அவள் எழுதியிருந்ததோ எங்களைப் பற்றி. கீழ்நகரத்திலிருந்து வரும் ஆசிரியர்கள் ஏறும் பஸ் திங்கட்கிழமைகளில் தாமதிக்கிறது. முதற்பாடமும் சில வேளை இரண்டாம் பாடமும் நடைபெறுவதில்லை. அவை கணிதமும் விஞ்ஞானமுமாக இருக்கின்றன. ஆகவே திங்கட்கிழமையில் அப்பாடங்களைப் பிற்பகலுக்கு மாற்றினால் என்ன என்று கேட்டிருந்தாள். தாமதித்த நாட்களைத் தேதியோடு குறித்தும் இருந்தாள். ஆசிரியர் எவரையும் பெயர் சொல்லவில்லை, ஏசவும் இல்லை. பஸ்ஸின் குற்றமே என்றுகூட எழுதியிருந்தாள். அப்பஸ்ஸில் வருபவரில் நானும் ஒருவன்.

நான் அதனை வெளியிடவில்லை. கிழித்தெறியவும் இல்லை, அதைவிட மோசமான காரியம் செய்தேன். ‘நன்றாய் எழுதியிருக்கிறாய் பிள்ளை, இதையே கொஞ்சம் பொதுவாக, நேரத்தின் அருமை என்று எழுதித் தா’ என்றேன். அவளும் ‘சரி சேர்’ என்று போய், இரண்டு நாளில் எழுதித் தந்தாள். காலம் பொன் போன்றது என்று தொடங்கிய அழகிய கட்டுரை. தேதிகள் இல்லை, பஸ் இல்லை, கணிதமும் இல்லை. பரிசளிப்பு விழாவில் அதனை வாசிக்கச் செய்தோம், எல்லோரும் கைதட்டினர். ஆண்டிறுதியில் அவள் கணிதத்தில் தேறவில்லை. பாட அட்டவணையை மாற்றியிருந்தால் தேறியிருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. அது யாருக்குத் தெரியும்? உண்மையை எழுதத் தெரிந்த ஒரு கைக்குப் பொன்மொழி எழுதப் பழக்கியவன் நான் என்பது மட்டும் தெரியும். சில ஆண்டுகள் கழித்து அவளைக் கண்டபோது அந்த முதற் கட்டுரையைக் கேட்டேன். எதைச் சொல்கிறீர்கள் சேர் என்றாள். அவளுக்கு ‘நேரத்தின் அருமை’தான் நினைவிருந்தது.

பின்னொரு காலத்தில் அமெரிக்க நாட்டு வழக்கொன்றைப் பற்றிப் படித்தபோது, என்னைப் போன்ற ஒருவரை அங்கே சந்தித்தேன். மிசூரி மாநிலத்தில் ஹேசல்வூட் என்னும் இடத்து உயர்நிலைப் பள்ளியில் மாணவர் நடத்திய பத்திரிகையில், 1983 இல் அதிபர் இரண்டு பக்கங்களை நீக்கிவிட்டார். பள்ளி மாணவியரின் கர்ப்பம் பற்றியும் பெற்றோரின் மணமுறிவு பற்றியும் எழுதப்பட்ட கட்டுரைகள் அவற்றில் இருந்தன. மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். 1988 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐவருக்கு மூவர் என்னும் பெரும்பான்மையால் அதிபரின் பக்கமே தீர்ப்பளித்தது. கல்வி நோக்குடன் நியாயமான காரணம் இருந்தால் பாடசாலை தன் ஏட்டைக் கட்டுப்படுத்தலாம் என்பது அதன் சாரம். அதற்கு முன் 1969 இல் இதே நீதிமன்றம், கறுப்புப் பட்டி அணிந்து வியட்நாம் யுத்தத்தை எதிர்த்த மாணவர் வழக்கில், பள்ளிவாசலோடு மாணவரின் பேச்சுரிமை முடிந்துவிடுவதில்லை என்று கூறியிருந்தது. அதிபர் வென்ற வழக்கைப் படித்து நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழ்ச்சி வரவில்லை. நீதிமன்றம் தடுக்கும் உரிமையை அவருக்குத் தந்தது. தடுத்தது சரியா என்பதை அவரவர் மேசையில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தீங்கு தரக்கூடிய எழுத்தும் உண்டு. ஒருவரின் குடும்ப மானத்தை இழுக்கும் எழுத்தும் உண்டு. அவற்றை நான் இன்றும் திருப்பிக் கொடுப்பேன். ஆனால் பஸ் தாமதம் அவ்வகையைச் சேர்ந்ததா?

இப்பொழுது நான் அதிபராயிருக்கும் பாடசாலையில் கருத்துரைப் பக்கத்துக்கு இரண்டே விதிகள் வைத்திருக்கிறோம். எழுதுபவர் தாம் கண்டதையோ எண்ணிப் பார்த்ததையோ ஒன்றேனும் குறிப்பிட வேண்டும். அடியிற் பெயர் இட வேண்டும். பெயர் இடச் சொல்வது எளிது. இட்டவனைக் காப்பது கடினம். எனவே பெயர் இட்ட கட்டுரையை எழுதியவனை யாரும் வகுப்பில் இடித்துரைக்கலாகாது என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் அதே ஏட்டில், தங்கள் பெயரோடு எழுதட்டும். முதல் ஆண்டு ஒரு கட்டுரையும் வரவில்லை. இரண்டாம் ஆண்டு மூன்று வந்தன. இரண்டிற் குழாய், ஒன்றில் விளையாட்டு மைதானம். பிள்ளைகள் ஆழம் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது.

சென்ற தவணை ஏட்டில் ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன், காலைக் கூட்டத்தில் அதிபர் ஆற்றும் உரை நீண்டுவிடுகிறது என்று எழுதியிருந்தான். நுவரெலியாக் குளிரில், பனி விழும் மாதங்களில், சிறிய வகுப்புப் பிள்ளைகள் காலுறையின்றி நிற்கின்றனர். ஆகையால் தை, மாசி மாதங்களிற் கூட்டத்தை மண்டபத்தினுள் நடத்தலாம். அல்லது உரையைக் குறைக்கலாம் என்பது அவன் கருத்து. மண்டபம் எல்லோரையும் கொள்ளாது என்று அதன் கீழே என் மறுமொழியை எழுதினேன். இத்தவணை ஏட்டில் அவன் மீண்டும் எழுதியிருக்கிறான். மண்டபத்தின் நீள அகலத்தை அடியால் அளந்து, வாங்குகளை வெளியே எடுத்தால் ஆறாந் தரம் வரையுள்ள பிள்ளைகள் உள்ளே நிற்கலாம் என்று கணக்குக் காட்டியிருக்கிறான். அடியிற் பெயரும் தரமும் தெளிவாக இருக்கின்றன. அக்கட்டுரைக்கு நான் இன்னும் மறுமொழி எழுதவில்லை.